தட்டு காய்ந்தே கிடந்தது

வாங்க தம்பி, உக்காருங்க. வண்டி எங்கயும் ஓடிப்போயிராது, கீழதான் நிக்குது. பார்த்துட்டுத்தானே மேல வந்தீங்க? வெள்ளை, பழைய மாடலுதான், ஆனா ஒரு கீறல் இருக்குதுங்களா? நீங்க பார்க்கறப்பவே நம்ம செகரட்டரி வந்து பக்கத்துல நின்னிருப்பாரே. "இதுங்களா, ஒழுகற வண்டியாச்சே"ன்னு காதுல ஊதியிருப்பாரே. சொன்னாரா இல்லையா? உங்க மூஞ்சியே சொல்லுது. ச்சை. இந்த அப்பார்ட்மெண்டுல ஒருத்தன் செருப்பு மாட்டுனா நாலு பேரு கதவத் தொறந்து பார்க்கறானுங்க. எனக்கு இந்த சனங்களப் பார்த்தாலே குமட்டுதுங்க.

ஒழுகுச்சு. இல்லைன்னு சொல்லல. இப்ப ஒழுகல. எங்க ஒழுகுச்சு, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு முழுசாச் சொல்றேன், கேட்டுட்டு அப்பறம் வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். மூடி மறைச்சு விக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. இருங்க, வெறும் வாயோட உக்கார வேண்டாம், மிக்சர் இருக்குது, எடுத்துட்டு வர்றேன். ஊட்டுல ஆளில்லீங்க, நானேதான் எல்லாம். எங்கூட்டுக்காரி பொண்ணு ஊட்டுக்குப் போயிட்டா. அதையும் சொல்றேன்.

எடுத்துக்குங்க, கூச்சப்படாதீங்க.

நான் காலம் பூரா ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் பார்த்தவனுங்க. மிசினு நின்னு போச்சுன்னா மத்தவனெல்லாம் ஸ்பேனரத் தேடுவான், நான் காத வெச்சுக் கேப்பேன். கேட்டுட்டு, இன்ன எடம்னு கைய வெப்பேன். சென்னியப்பன் கைய வெச்சா தப்பாதுன்னு மேனேஜரே சொல்லுவாரு. அப்பேர்ப்பட்ட எனக்கு, இந்தக் காரு தண்ணி காட்டிருச்சு பாருங்க.

எம்பொண்ணு பூங்கோதைக்கு வளைகாப்பு வந்துச்சு. பொள்ளாச்சியில குடுத்திருக்கறோம். தலப்பிரசவம் நம்ம ஊட்டுலதானே, வளைகாப்பு முடிச்சுக் கையோட கூட்டிட்டு வந்தரணும். வாடகை வண்டியில கூட்டிட்டு வந்தா நல்லா இருக்குமா? அப்பன் வண்டியில வந்து எறங்கணும். இங்க கோபியிலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்னு கெளம்பினேன். அவினாசி தாண்டல, இஞ்சின் சூடு காட்டற முள்ளு மேல ஏறிப்போச்சு. பேனட்டத் தொறந்தா ஆவி. ரேடியேட்டர்ல கூலன்ட் பாதிகூட இல்ல. இஞ்சின் சூட்டத் தணிக்கற பச்சை நெறத் தண்ணி அது, எங்கயோ போயிருச்சு. எங்க போச்சுங்கறதுதான் கதை.

நம்ம மெக்கானிக் துரைசாமியக் கூட்டிட்டு வந்தேன். அவன் பண்ணுன வேலையக் கேளுங்க. வண்டிக்கடியில தரையில ஒரு ஈரம். நான் சொன்னேன், ஏசித் தண்ணியா இருக்கும்டான்னு. அவன் குனிஞ்சான், வெரல்ல தொட்டான், நாக்குல வெச்சான். தூன்னு துப்பிட்டு, "இனிக்குதுங்ணா, கூலன்ட்தான்"ங்கறான். "டேய், அது விஷம்னு டப்பாவுல மண்டையோடு போட்டிருக்கறானேடா"ன்னேன். "ஆமாங்ணா, முழுங்குனா கிட்னி போயிரும், அதான் துப்பிட்டனே"ங்கறான். இனிப்பா இருக்கும், விஷமா இருக்கும், வாயில வெப்பான், துப்புவான். இவன் கையக் கழுவாம அப்படியே டீ டம்ளரப் புடிச்சான் பாருங்க, அந்த டம்ளர அன்னைக்கே தூக்கிப் போடச் சொல்லிட்டேன்.

தண்ணி போற ஓசு குழாய மாத்துனான். கிளாம்ப் முறுக்குனான். அப்பறமும் கொறையுது. காத்தால பார்த்தா வண்டிக்கடியில பச்சையா ஒரு கோடு ஓடியிருக்குது. அது ஓடி எங்க போயிருக்குது? கீழ் ஊட்டு வாசலுக்கு. ஞானசுந்தரி டீச்சர்னு, ரிட்டையர்டு, அந்தம்மா போட்ட கோலத்துல போய்ச் சேர்ந்திருக்குது. அதுக்கு செகரட்டரி எங்கிட்ட வந்து பாடம் எடுக்கறாரு, பார்க்கிங்க சுத்தமா வெச்சுக்கணும்ங்க சென்னியப்பண்ணான்னு.

சுத்தம்! சுத்தத்தப் பத்தி அந்த எடத்துல பேசலாமுங்களா? அந்த டீச்சர் ஊட்டுல ஒரு நாய். அப்புன்னு பேரு. நாட்டு நாய்தான், செவலை. தெருவுல கெடந்ததத் தூக்கிட்டு வந்து புள்ளையாட்ட வளர்த்தாங்க. பையன் மஸ்கட்டுல, வீட்டுக்காரர் போயிட்டாரு, சரி, தனியா இருக்கறாங்க, நாய் வளர்க்கட்டும். யாரு வேண்டாங்கறது? ஆனா அதுக்குச் சோறு எதுல போடறாங்க தெரியுங்களா? எவர்சில்வர் தட்டுல. மனுசங்க சோறு திங்கற தட்டு. வாசப்படியில தட்ட வெச்சு, "அப்பு, சாப்புடு சாமி"ம்பாங்க. அது சளக் சளக்குன்னு நக்கும். நக்கி முடிச்சா கழுவி வெச்சாப்பல இருக்கும் தட்டு. எனக்கு மாடிப்படியில எறங்கறப்ப அதப் பார்த்தா அன்னைக்குச் சோறு எறங்காது.

பொழுதடைஞ்சா பார்க்கிங்குல அவுத்து உட்டுருவாங்க. காவலாம். அது காவல் காக்குதா, நம்ம வண்டி டயர்லதான் காலத் தூக்குது. ஒரு நாள் காத்தால சக்கரத்துக்குப் பக்கத்துல ஈரமாப் பார்த்தேன். ஆகா, லீக் மாட்டிக்கிச்சுன்னு குனிஞ்சு வெரல்ல தொட்டு மோந்து பார்த்தேன் பாருங்க. அத நான் சொல்ல வேண்டாம், நீங்க மிக்சர் சாப்புடறீங்க. அன்னைக்கு மூணு தடவை சோப்புப் போட்டேன். அப்பார்ட்மெண்டு மீட்டிங்குல எந்திரிச்சுச் சொன்னேன், ஒண்ணு இந்த நாய் இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு. அதப் புடிச்சுக்கிட்டாங்க அப்பறம். சொல்றேன்.

துரைசாமி என்ன சொன்னான்னா, "வண்டிக்கடியில ஒரு அட்டைய விரிச்சு வைங்ணா, எந்த எடத்துல சொட்டுதுன்னு தெரிஞ்சுரும்"னான். அட்டை வெச்சா உறிஞ்சிக்காதா? மூளை இருக்குதா? மில்லுல நாங்க ஆயில் சொட்டுனா தட்டுத்தான் வெப்போம். எவ்வளவு, என்ன நெறம், எல்லாம் தெரியும். பரண்ல இருந்து ஒரு நல்ல தட்டா எடுத்தேன். எங்க கல்யாணத்துக்குச் சீரா வந்த எவர்சில்வர் தட்டு, நல்ல கனம். இஞ்சினுக்கு நேராக் கீழ தள்ளி வெச்சேன். சரசா பார்த்துட்டு, "பேரு வெட்டுன தட்டுங்க அது, அதப் போய் கார்க்கடியில வைக்கறீங்களே"ன்னா. சரசாங்கறது எங்கூட்டுக்காரி. பேரு வெட்டுனா என்ன, கார் என்ன அடுத்தவன் காரா?

காத்தால போய்ப் பார்க்கறேன், தட்டு காஞ்சு கெடக்குது.

ஒரு சொட்டு இல்லீங்க. பளபளன்னு இருக்குது. கூலன்டப் பார்த்தா கொறைஞ்சிருக்குது. மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும் அதே. தட்டு ஒரு இஞ்சு நகர்ந்திருக்கும் சில நாளு, எலி கிலி தட்டியிருக்கும். ஆனா தண்ணி இல்ல. இப்ப நீங்க சொல்லுங்க, வெளிய சொட்டுனா தட்டுல இருக்கணுமா இல்லையா? ஆவியாப் போறதுக்கு ராத்திரியில வெயிலா அடிக்குது? அப்ப என்ன அர்த்தம்? வெளிய சொட்டல. இஞ்சினுக்குள்ளயே போகுது. உள்ளயே குடிச்சுக்குது.

துரைசாமிகிட்டச் சொன்னேன், ஹெட் கேஸ்கட் போயிருச்சுடா, இஞ்சின் தலையக் கழட்டுன்னு. தலைக்கடியில தண்ணி உள்ள எறங்காம அடைக்கற தகடுங்க அது. அவன் தலையச் சொறிஞ்சான். "உள்ள போனா பொகை வெள்ளையா வரணும், வர்லீங்களேண்ணா"ன்னான். "நீ சொன்னதக் கேட்டு ஓசு மாத்துனது பத்தாதா, கழட்டுடா"ன்னேன். உடனே கழட்டிட்டான் பாருங்க, ஒரு வாதமில்ல. வேலைன்னா இவனுங்களுக்கு இனிக்கும். கழட்டிப் பார்த்தா கேஸ்கட் புதுசாட்ட இருக்குது. எனக்கு அந்த ஒர்க்சாப்புல நிக்கவே அசிங்கமாப் போச்சு. பழியத் தூக்கி எம்மேல போட்டுட்டான். ஊரெல்லாம், "அண்ணன் சொல்லித்தான் கழட்டுனேன்"ன்னு சொல்லிட்டுத் திரியறான்.

திருப்பிப் பூட்டி எடுத்துட்டு வந்தேன். வளைகாப்பு கிட்ட வந்துருச்சு. புது டப்பா வாங்கி நானே ஊத்துனேன். பாதிக்குப் பாதி தண்ணி கலந்து ஊத்தணும்னு துரைசாமி சொன்னான். கலப்படம் எனக்குப் புடிக்காதுங்க. பால்லயே தண்ணி ஊத்த உட மாட்டேன். முழுச் சரக்கா ஊத்துனேன், கெட்டியா, பச்சப்பசேல்னு. பழையபடி தட்ட வெச்சேன். காத்தால, காஞ்சு கெடக்குது. கூலன்ட் கொறைஞ்சிருக்குது. எனக்கு வெறுத்துப் போச்சு தம்பி. மனுசனத்தான் நம்ப முடியாதுன்னா, மிசினையுமா?

இந்த நேரத்துல அந்த நாய்க்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சு.

குடிச்சவனாட்டத் தள்ளாடுச்சு. நம்ம வண்டிக்குப் பக்கத்துலயே வந்து வாந்தி எடுத்துச்சு. அவ்வளவு பெரிய பார்க்கிங்குல அதுக்கு வேற எடமே கெடைக்கலையாட்ட. வாளி வாளியாத் தண்ணி குடிச்சுது, அப்பறம் படுத்துருச்சு. டீச்சர் ஆட்டோவுல தூக்கிட்டுப் போனாங்க, தூக்கிட்டு வந்தாங்க. மருந்து ஏத்துனாங்களாம். நாயக் காட்டற டாக்டரு, கிட்னி போயிருச்சு, ஏதோ விஷம் தின்னிருக்குதுன்னு சொல்லிட்டாரு. வாசல்லயே படுக்க வெச்சுத் தலையத் தடவிட்டே உக்காந்திருந்தாங்க. சரசா கூடப் போய் உக்காந்தா. நான் மேல கூப்புட்டும் வர்ல. அன்னைக்குச் சாயங்காலமே அது செத்துப் போச்சு.

செத்ததுக்கு நானும் சந்தோசப்படலீங்க. நாயின்னாலும் உசுருதான். ஆனா அப்பறம் நடந்ததுதான் அசிங்கம். டீச்சர் அழுதுட்டே, "யாரோ எதையோ வெச்சிருக்காங்க, எங்கப்புவுக்கு யாரோ வெச்சிருக்காங்க"ன்னாங்க. சொல்லிட்டுத் தலைய நிமித்துனாங்க. கூட்டத்துல அத்தன பேரு இருக்கறாங்க, எம்மூஞ்சியத்தான் பார்த்தாங்க. அவங்க பார்த்ததும் எல்லாரும் பார்த்தானுங்க. மீட்டிங்குல பேசுனனில்லீங்களா. செகரட்டரி மெதுவா, "அண்ணா, உங்களுக்கு எதாச்சும் தெரியுங்களா"ங்கறாரு.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. நானா? கொழம்புல கறி போட்டாக்கூட அது உசுரோட இருந்ததேன்னு நெனைக்கறவன் நான். அவ்வளவு பேரையும் கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற புள்ளையார்கிட்ட இழுத்துட்டுப் போனேன். கற்பூரத்த உள்ளங்கையில வெச்சு ஏத்துனேன். எம்பொண்ணு வயித்துல இருக்கற புள்ள மேல சத்தியமாச் சொல்றேன், அந்த நாய்க்கு என் கையால நான் எதையும் வெச்சதில்லன்னு சொல்லி, அப்படியே மூடி அணைச்சேன். பாருங்க, தழும்பு இன்னும் இருக்குது. டீச்சரே வந்து, "மன்னிச்சுக்குங்கண்ணா, ஏதோ வாய் தவறி"ன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. நான் திரும்பி மாடிப்படி ஏறி மேல வந்துட்டேன். என்ன பேசறது அந்த மாதிரி ஆளுககிட்ட?

ஆனா பாருங்க, மறுநாள் காத்தால எனக்கு விடிவு காலம் வந்துச்சு. எறங்கிப் போய் வண்டிக்கடியில எட்டிப் பார்க்கறேன், தட்டு நெறஞ்சு கெடக்குது! விளிம்பு வரைக்கும், பச்சப்பசேல்னு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. படுத்து மேல பார்த்தேன். வாட்டர் பம்ப்புங்க. பம்ப்புக்கடியில சின்னதா ஒரு ஓட்டை விட்டிருப்பான், உள்ள சீல் போச்சுன்னா அது வழியாச் சொட்டும். சொட்டு சொட்டா, நேராத் தட்டுல. துரைசாமி கண்டுபிடிக்கல, நான் கண்டுபிடிச்சேன். இத்தன நாளு ஒளிஞ்சுட்டு இருந்தது, அன்னைக்குத்தான் வெளிய வந்துச்சு. மிசினுக சில சமயம் அப்படித்தான், அடம் புடிக்கும், அப்பறம் தானா ஒத்துக்கும்.

சரசாவக் கூப்புட்டேன். "எறங்கி வா, வந்து பாரு, மாட்டிக்கிச்சு"ன்னேன். வந்தா. தட்டப் பார்த்தா. நான் பம்ப்பக் காட்டறேன், அவ தட்டையே பார்த்துட்டு நிக்கறா. அப்பறம் டீச்சர் ஊட்டு வாசலப் பார்த்தா. அங்க அந்த நாயோட தட்டக் கழுவிக் கவுத்தி வெச்சிருந்தாங்க. இவ அப்படியே தரையில உக்காந்துட்டா, பார்க்கிங் தரையில, சேலையெல்லாம் அழுக்காக.

"இத்தன நாளு இது எங்கீங்க போச்சு?"ன்னா.

"இஞ்சினுக்குள்ள போயிருக்கும்"ன்னேன்.

"நெதமும் தட்டு கழுவி வெச்சாப்பல இருந்துச்சேங்க"ன்னா.

தம்பி, அவ வாழ்க்கை பூராப் பாத்திரம் கழுவுனவ. அவளுக்குக் கழுவறது தவுத்து என்ன தெரியும்? "அதான் சொல்றேன், சொட்டவே இல்லைன்னு"ன்னேன். அதுக்கு அவ என்னைப் பார்த்த பார்வை இருக்குது பாருங்க, முப்பது வருசத்துல அப்படிப் பார்த்ததில்ல. ஏதோ சாக்கடையில விழுந்துட்டு எந்திரிச்சு வந்தவனப் பார்க்கறாப்பல. "புள்ள மேல சத்தியம் பண்ணிட்டீங்களே, என் கொழந்தை வயித்து மேல சத்தியம் பண்ணிட்டீங்களே"ன்னு திருப்பித் திருப்பி அதையே சொன்னா. பண்ணுனேன், உண்மைதானே பண்ணுனேன்? பொய்ச் சத்தியம் பண்ணுனவன் பயப்படோணும். நான் எதுக்குப் பயப்படோணும்?

அன்னைக்கே பஸ் ஏறிட்டா, பொள்ளாச்சிக்கு. போறப்ப சொல்றா, "கீழ போய் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. புள்ளையார்கிட்டயும் சொல்லுங்க. சொல்லீட்டு போன் பண்ணுங்க, பொண்ணக் கூட்டிட்டு வர்றேன். சொல்லாத வரைக்கும் என் பொண்ணு இந்த வாசப்படி மிதிக்க மாட்டா"ன்னா. என்ன வார்த்தை சொல்லோணும்னு கேட்டேன். அதச் சொல்ல மாட்டேங்கறா. "உங்களுக்கே தெரியும்"ங்கறா. எனக்கு என்ன தெரியும்?

பம்ப் மாத்தியாச்சு. அதுக்கப்பறம் ஒரு சொட்டு கொறையல, நீங்க வேணும்னா மூடியத் தொறந்து பாருங்க. பொள்ளாச்சி வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன், முள்ளு அசையல. வளைகாப்புக்குப் போய் நின்னேன். மாப்பிள்ளை ஊட்டுச் சனம் முன்னாடி, "வண்டி ரெடியா இருக்குது, ஏறு சாமி"ன்னு பொண்ணக் கூப்புட்டேன். பூங்கோதை அவங்கம்மா மூஞ்சியப் பார்த்தா. அவ தலைய ஆட்டுனா, வேண்டாம்னு. நான் காலி வண்டிய ஓட்டிட்டு வந்தேன். தலப்பிரசவம் இப்ப மாமியா ஊட்டுல. ஒறம்பரைக, சொந்தக்காரங்க, நாலு பேரு நாலு விதமாக் கேக்கறாங்க. போன் பண்ணுனா அம்மா குளிக்கறாங்கன்னு எம்பொண்ணு சொல்றா. எப்பக் கூப்புட்டாலும் குளிக்கறா. இந்த வாரத்துலதான் பிரசவத் தேதி குடுத்திருக்காங்க. எனக்குத் தூக்கமே வர்ல தம்பி. அதான் வித்துருலாம்னு. வண்டிக்கு ஒரு கொறையும் இல்லீங்க, ஏறத்தான் ஆளில்ல.

ஏனுங்க, மிக்சர அப்படியே வெச்சுட்டீங்க? நல்லாத்தானே சாப்புட்டுட்டு இருந்தீங்க. காரமா? இதுதான் அந்தத் தட்டு, மிக்சர ஒதுக்கிப் பாருங்க, அடியில வெட்டியிருக்குது, சென்னியப்பன் சரசுவதின்னு. இதத் தூக்கிப் போடணும்னு சொல்லிட்டுத்தான் அவ போனா. நல்ல கனமான தட்டு, எதுக்குத் தூக்கிப் போடணும்? நல்லாக் கழுவியாச்சுங்க. நான் இதுலதான் சாப்புடறேன்.

எந்திரிச்சுட்டீங்க? சரி, வண்டிய ஓட்டிப் பார்க்கறீங்களா? வேண்டாங்களா. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. கையக் கழுவணுமா? அந்தப் பக்கம் குழாய் இருக்குது. சோப்பு மேல இருக்குது பாருங்க.

தம்பி, ஒரு உதவி. எறங்கிப் போறப்ப கீழ் ஊட்டுக் கதவு தொறந்திருக்கும். அந்தம்மா இப்பெல்லாம் வாசல்லயேதான் உக்காந்திருக்காங்க. நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காது, மூணாவது மனுசன் நீங்க சொன்னா எடுபடும். நான் சொன்னதெல்லாம் சொல்லுங்க. வண்டிக்கடியில தட்டு வெச்சு நெதமும் பார்த்தாருன்னு சொல்லுங்க. நாய் உசுரோட இருந்த வரைக்கும் ஒரு நாளும் அதுல ஒரு சொட்டு இருந்ததில்ல, காஞ்சே கெடந்துச்சு, நாய் செத்த மறுநாள்தான் தட்டே நெறஞ்சுது, அதனால அந்த விஷம் எங்க வண்டியில இருந்து வர வழியே இல்லைன்னு சொல்லுங்க. டீச்சரா இருந்தவங்க. சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க.